வெட்டுனேனுங்க

வழக்குத் தாளின் பின்பக்கத்தில் தமிழில் ஒரு வரி இருந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தத் தாளை வைத்துச் சட்டம் படிப்பிக்கும் புரொக்டர் முத்துலிங்கம் அதை இதுவரை கண்டதில்லை. பென்சில் எழுத்து. தொட்டால் ஈரமாக இருந்தது.

ஹட்டன் கடைவீதி மாடியறையில் மாலை நாலரைக்கே இருட்டு. மூடுபனி சன்னல் கண்ணாடியில் வழிய, கீழே முனாப்பின் கடையிலிருந்து கருவாட்டு வாடையும், எங்கோ கூட்ஸ் ரயில் ஏற முடியாமல் முனகுவதும் பலகைத் தரைவழியே மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தன. மெய்யான வழக்கை வாசித்தால்தான் சட்டம் மண்டையில் ஏறும் என்பது முத்துலிங்கத்தின் கட்சி. இது அவரே நீதிமன்றத்தில் ஆங்கிலமாக்கிய வாக்குமூலம். தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை இராமையா, மீனம்மா என்ற பெண்ணை வெட்டிக் கொன்றதாக ஒப்புக்கொண்டது. அவனைத் தூக்கில் போட்டார்கள்.

"பின்னால கிடக்கிறதை வாசியும்."

எதிரே இருந்த மாணவன் அழகுமுத்து, தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன், வாசித்தான். "மீனம்மாவ அன்னிக்கு நான்தான் வெட்டுனேனுங்க. பிந்தி வந்துச்சு." நிமிர்ந்தான். "ஐயா, இது கொலை இல்லீங்களே. காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பிந்தி வந்தா பேர வெட்டிருவாங்க. அன்னிக்கு வேலை இல்ல, லயத்துக்குத் திரும்பணும். தோட்டத்துல வெட்டுறதுன்னா அதாங்க."

முத்துலிங்கத்துக்குப் பயம் வரவில்லை. மரத்த காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் மனதைக் கிள்ளிப் பார்த்தார். ஒரு மனிதனைக் கொன்றிருக்கிறேன். வலிக்கவில்லை. வெளியே சொன்னால் வக்கீல் சன்னது போகும், ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"அது தோட்டத்துப் பேச்சு. இங்கிலீசில கிடக்கிறதுதான் செல்லும். மேல வாசியும்."

கீழே கடைச் சத்தம் நின்றது. ரயிலும் நின்றது. அழகுமுத்துவின் தலை இடத்தோளில் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. எலும்பு சொடுக்கியது.

"மெதுவாச் சொல்றேனுங்க ஐயா." குரல் அவனுடையதல்ல. "இந்தத் தடவையாவது சரியா எழுதிக்கிங்க."

சரியாக எழுதத்தான் நினைத்தார். பேனாவை எடுத்தார். கை ஆங்கிலத்தில் எழுதியது: மீனம்மாவை நான் வெட்டிக் கொன்றேன்.

அந்த வரியைக் கோடிட்டு அடித்தார். மறுபடி எழுதினார்.

அதே வரி.

ஒவ்வொரு வரிக்கும் அழகுமுத்துவின் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. கண்கள் மட்டும் அவனுடையவையாக இருந்தன. அவை கெஞ்சின.

தலை மேசையைத் தாண்டி வந்துவிட்டது. வாய் முத்துலிங்கத்தின் காதோடு சேர்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. கை அடுத்த வரியைத் தொடங்கியிருந்தது.