அபிதாவுக்குத் தனிக்கட்டில்

பூதப்பாண்டிக்கு அவர்கள் குடிவந்த அன்று சாரல் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாமான் வண்டி முன்பே வந்து நின்றிருக்க, மூன்றரை வயது அபிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆர்த்திகா வீட்டுக்குள் நுழைந்தாள். மாமனாரும் மாமியாரும் காலமான பிறகு பூட்டிக் கிடந்த ஓட்டு வீடு. பின்வாசலைத் திறந்தால் வயல். வரப்பை ஒட்டி ஓடும் வாய்க்காலின் இரைச்சல் கூடம் வரை கேட்டது. கணவன் ஹரிகுமாருக்குத் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றலாகியிருந்தது. சொந்த வீடு இருக்கும்போது வாடகைக்கு எதற்குப் போக வேண்டும் என்று அவன் கேட்டது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

வீடெல்லாம் தூசியும் எலிப்புழுக்கையும். கூடத்தின் கோடியிலிருந்த சின்ன அறை மட்டும் புது மஞ்சள் பெயிண்டில் பளிச்சென்று இருந்தது. உள்ளே, பிள்ளை விழாமலிருக்கப் பக்கங்களில் மர அழி அடித்த சின்னக் கட்டில், முயல் படம் போட்ட விரிப்பு, கையளவு தலையணை.

"இதெல்லாம் எப்பம் செஞ்சீங்க?"

"போன மாசம் வந்தப்பம் ஆசாரிட்ட சொன்னேன். பிள்ளைக்கு வயசாகுதுல்லா."

"முன்னால இது என்ன அறை?"

"நெல்லு போடுத அறை. யாரும் படுத்ததில்ல."

சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றான் ஹரிகுமார். ஆர்த்திகா அதைக் கவனித்தாள், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்படி முன்கூட்டி யோசித்து எதையும் செய்கிறவனில்லை அவன். பிள்ளைக்காகச் செய்திருக்கிறானே என்று அவள் மனசு குளிர்ந்துபோனது.

ஆனால் மகளைத் தனியாகப் படுக்க வைப்பதில் அவளுக்கு இஷ்டமில்லை. தொட்டிலை அவிழ்த்த பிறகு அபிதா தாயின் பக்கத்தில்தான் படுத்தாள். தாயின் காது மடலை இரண்டு விரலால் பிடித்து உருட்டிக்கொண்டே உறங்குவது அவள் வழக்கம். உறக்கம் ஆழ ஆழ விரல்கள் மெதுவாகி, நின்று, நழுவும். அந்த நழுவலுக்குப் பிறகுதான் ஆர்த்திகாவுக்கும் கண் சொருகும்.

"புது வீடு. கொஞ்ச நாள் பழகட்டும்" என்றாள்.

"மூணு வயசு கழிஞ்சா மாத்திரணும்னு டாக்டர்மாரு சொல்லுதாவ. இப்பம் மாத்தல்லன்னா பெறகு முடியாது."

"எந்த டாக்டரு சொன்னாரு?"

கைபேசியை நீட்டினான். எவரோ எழுதிய கட்டுரைகள், எவரெவரோ பேசிய காணொளிகள். ஒரு மாதமாக அவன் இதையேதான் படித்திருக்கிறான் என்று தெரிந்தது. கடைசியில் மத்தியான உறக்கம் மட்டும் அங்கே, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் அபிதா தொண்டை கட்டும்வரை அழுதாள். ஆர்த்திகா எழுந்து ஓடப் போனபோதெல்லாம் ஹரிகுமார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான். "விடு. அழுது அடங்கும்."

அடுத்த நாள் அழுகை பாதியில் நின்றது.

விக்கலும் இல்லை, தேம்பலும் இல்லை. சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தி யாரையோ ஏறிட்டுப் பார்ப்பது போல அப்படியே நின்றது. ஆர்த்திகா போய் எட்டிப் பார்த்தபோது பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி உறங்கிக்கொண்டிருந்தாள். அறையில் பெயிண்ட் மணத்தை மீறி வேறொரு வாடை. பால் பட்டு உலர்ந்த துணியை அலசாமல் மூலையில் போட்டு வைத்தால் வருமே, அந்தப் புளித்த வாடை. விரிப்பை மாற்றினாள். மறுநாளும் அதே வாடை.

அந்த வாரக் கடைசியில் அபிதாவே தலையணையைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். பிறகு ராத்திரியும் அங்கேதான் என்று அடம்பிடித்தாள்.

வீட்டில் இன்னொன்றும் மாறியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஹரிகுமார் முழுசாக உறங்கி ஆர்த்திகா பார்த்ததில்லை. எப்போது விழித்தாலும் அவன் நாற்காலியில் குத்தவைத்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மாத்திரை, எண்ணெய்க் குளியல், பத்தியம் எதுவும் பலிக்கவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கரி பூசியது போலக் கருப்பு கட்டிக் கிடக்கும். இப்போது அவன் வாய் பிளந்து உறங்கினான். எச்சில் ஒழுக உறங்கினான். எழுந்ததும் பாட்டு முணுமுணுத்தான். சொந்த வீட்டுக் காற்று ஒத்துக்கொண்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

பக்கத்து வீட்டு நேசம்மாள் ஒரு நாள் மரச்சீனிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். அபிதா உறங்கும் அறையை எட்டிப் பார்த்து, "ஹரிக்க அறைய மகளுக்குக் குடுத்தாச்சா?" என்றாள்.

"அவருக்க அறையா? நெல்லறைன்னுல்லா சொன்னாரு."

"நெல்லு அடுக்களைக்கு அங்கிட்டு பத்தாயத்திலல்லா கெடக்கும், மக்கா. தம்பிக்காரன் பொறந்தப்பம் இவன இங்க கொண்டு படுக்கப் போட்டாவ. இந்தப் பிள்ளைக்க வயசுதான். என்னா அழுகை தெரியுமா, எனக்க வீட்டுக்குக் கேக்கும். பெறகு ஒரு நா நிறுத்தினான். அதுக்குப் பெறகு அம்மை வந்து கூப்பிட்டாலும் போக மாட்டான்." நேசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எளயவன மட்டும் அவனுக்க அம்மை ஒரு நாளும் இதுக்குள்ள கெடத்தல்ல. ஏன்னு கேட்டா பேசாம இருப்பா."

சாயந்தரம் ஹரிகுமாரிடம் கேட்டாள். அவன் சிரித்தான். "வயசாச்சுல்லா, அவளுக்கு ஓர்மைப் பிசகு. நான் அங்க படுத்ததே இல்ல."

அவன் பொய் சொல்கிறான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை ஓட்டில் கொட்டியது. கரண்ட் போனது. கூடத்துக் கட்டிலில் ஹரிகுமார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு வந்த ஆர்த்திகாவுக்கு மழைச் சத்தத்தின் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

தட். தட். தட்.

ஈரக்கையால் முதுகில் தட்டிக் கொடுப்பது போல.

துணியைக் கீழே போட்டாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. விரலால் தள்ளினாள்.

புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது.

அபிதா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுக்கும் சுவருக்கும் நடுவில் மெத்தை நீளவாக்கில் அமுங்கியிருந்தது. முயல் படங்கள் அந்தப் பள்ளத்துக்குள் சுருங்கிக் கிடந்தன.

பிள்ளையின் கை மேலே தூக்கியிருந்தது.

வெறும் காற்றில், இரண்டு விரல்கள் எதையோ பிடித்து உருட்டிக்கொண்டிருந்தன.

மெதுவாக. மெதுவாக.

ஆர்த்திகாவின் காது மடல் சில்லிட்டுப் போனது. அவளுக்கு அப்போது பயம்கூட முதலில் வரவில்லை. தன் இடத்தில் வேறொருத்தி படுத்திருப்பதைப் பார்த்த எரிச்சல்தான் வயிற்றிலிருந்து கிளம்பியது. பாய்ந்து பிள்ளையை வாரி எடுத்தாள்.

அபிதா அலறினாள். கண்ணைத் திறந்து தாயைப் பார்த்தாள், பார்த்தும் அலறினாள். நகத்தால் ஆர்த்திகாவின் கன்னத்தைக் கீறினாள். கட்டிலை நோக்கி இரண்டு கையையும் நீட்டி உடம்பை வில்லாக வளைத்தாள்.

"விடு. எனக்கு அம்மா வேணும். அம்மா..."

"நான்தாட்டி அம்மா. என்னைப் பாரு, மக்களே."

பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை.

மெத்தையிலிருந்த பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. யாரோ எழுந்து உட்கார்ந்தது போல.

ஆர்த்திகா கூடத்துக்கு ஓடிவந்தாள். அத்தனை கூச்சலுக்கும் ஹரிகுமார் அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தான். அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் விழித்தவன் அவள் கன்னத்து ரத்தத்தைப் பார்த்தான், தோளில் கிடந்து துடிக்கும் மகளைப் பார்த்தான்.

"அங்க இருந்து ஏன் எடுத்தே?" என்றான்.

என்ன ஆச்சு என்று அவன் கேட்கவில்லை.

ஆர்த்திகா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"யாரு அவ?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"தெரியாது. தம்பி பொறந்தப்பம் அம்மைக்க பக்கத்தில இருந்து என்னைய எடுத்து அங்க போட்டாவ. அழுதேன். அழுது கெடக்கும்போ யாரோ வந்து தட்டிக் குடுத்தா. சொகமா இருந்துது, ஆர்த்தி. அம்மைய விட. பெறகு நான் வளந்தேன். வளந்தது அவளுக்குப் பிடிக்கல்ல. எங்க போனாலும் பக்கத்தில வந்து கெடப்பா. தட்ட மாட்டா. காதுகிட்ட வாய வச்சு அழுவா. ராத்திரி முழுக்க. ஹாஸ்டல்ல, திருநெல்வேலியில, நம்ம கட்டில்ல."

"நம்ம கட்டில்லயா?"

"உனக்கும் எனக்கும் நடுவில."

ஆர்த்திகா பிள்ளையின் பின்தலையைத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அதனால?"

"சின்னப் பிள்ள ஒண்ணு கெடச்சா என்னைய விட்டுருவான்னு நெனச்சேன். அவ ஒண்ணும் செய்ய மாட்டா. பாத்தேல்லா, பிள்ள எப்படி உறங்குதா."

ஆர்த்திகாவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள் நினைவுக்கு வந்தன. பிள்ளை தங்காமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கிய வருஷங்கள். போதும், விட்டுவிடலாம் என்று அவள் சோர்ந்தபோதெல்லாம் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியவன் இவன்தான். அந்தக் கெஞ்சலைப் பாசம் என்று நம்பித்தான் ஊசிக்கு உடம்பைக் கொடுத்தாள்.

"அதுக்குத்தான் பிள்ள வேணும்னு நின்னீங்களா?"

ஹரிகுமாரின் பார்வை அந்த அறைக் கதவுக்குப் போனது.

அந்த மழையிலேயே அவள் ஆட்டோ பிடித்துக் கொட்டாரத்துக்கு, தன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் அபிதா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் ஆர்த்திகா எதையும் முழுதாகச் சொல்லவில்லை. சண்டை என்று மட்டும் சொன்னாள். அவனுடைய அழைப்புகளை எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் பிள்ளை சாப்பிட ஆரம்பித்தாள், தெருப்பிள்ளைகளோடு ஓடினாள். உறங்கும்போது தாயின் பக்கத்தில்தான் படுத்தாள். காது மடலை மட்டும் தொடவில்லை. வாடை இல்லை, தட்டும் சத்தம் இல்லை. இடம் மாறியதும் விட்டுப்போயிருக்கும், அவனிடமே திரும்பியிருக்கும் என்று ஆர்த்திகா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அப்படி நினைக்கும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி வருவதையும் அவள் மறைக்கவில்லை. கிடந்து அனுபவிக்கட்டும்.

ஒரு மத்தியானம் அவன் வந்தான். அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். அபிதா உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தாள். ஆர்த்திகா வாசலில் வழிமறித்தது போல நின்றாள்.

"மன்னிப்புக் கேக்கதுக்குத்தான் வந்தேன்" என்றான் ஹரிகுமார். "அந்த வீட்ட வித்திருவோம். நீ எங்க சொன்னாலும் அங்க இருப்போம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கன்னம் சதை போட்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பின் சுவடே இல்லை. நல்ல ஓய்வெடுத்துத் திரும்பிய ஆளின் முகம்.

அவள் ஒரு தடவை உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க உறங்குதீங்களா?"

அவன் தலை குனிந்தான்.

"கேக்கேன்லா. இப்பமும் உறங்குதீங்களா?"

"ம்."

"ஒரு நாளும் வரல்லயா?"

"வரல்ல."

வெயில் முற்றத்தில் அசையாமல் கிடந்தது. பின்னால் காலடிச் சத்தம். உள்ளறை வாசலில் அபிதா நின்றாள். உறக்கம் கலையாத கண்கள். அப்பாவைப் பார்த்து ஓடிவரவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை.

"அபி, இங்க வா" என்று ஹரிகுமார் கையை நீட்டினான்.

பிள்ளை தலையை ஆட்டி மறுத்தாள். யாரோ சொல்லிக் கொடுத்ததைத் தப்பில்லாமல் ஒப்பிக்கிற குரலில் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவ அவ மறந்துட்டாளாம்."

ஆர்த்திகா புருஷன் பக்கம் திரும்பினாள். தப்பித்தோம் என்ற ஆறுதல் அந்த முகத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் உதடு கோணியது. கண் நிறைந்தது. வீட்டுக்குள் விடாமல் வெளியே நிறுத்தப்பட்ட சின்னப் பையனைப் போல நின்றான்.

"எனக்க பேரு... பேருகூடச் சொல்லல்லயா, மக்களே?"

அபிதா உள்ளே திரும்பி நடந்தாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஆர்த்திகா ஓடிப்போய் அதன்மேல் கையை வைப்பதற்குள், மறுபக்கத்தில், அவள் தலைக்கும் மேலே, பிள்ளை நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில், தாழ்ப்பாள் நிதானமாக விழுந்தது.