பன்மொழியாரின் நேர்காணல்

"மிக்ஸியை மட்டும் போட்டே, எனக்குக் கெட்ட கோபம் வரும்!" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள் மாமியார். "பத்து மணிக்கு என் புள்ளைக்கு வெளிநாட்டு இன்டர்வியூ. அவன் உயரப் போற நாள்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்காத!"

"நான் எங்க தூக்கி வச்சேன், அத்தை..."

"வேற என்னவாம்? நீயும்தானே விண்ணப்பம் எழுதி அவன்கிட்ட அனுப்பக் குடுத்தே? உனக்குக் கிடைக்கலைன்னா அவன் என்ன பண்ணுவான்?"

மருமகள் மிக்ஸியின் மூடியை அழுத்தி மூடினாள். ஆறு மாதத்துக்கு முன் கணவர் வந்து அவள் தோளைத் தட்டி, "உன்னுது ரிஜெக்ட் ஆயிடுச்சு. மனசைத் தளர விடாத" என்று சொன்னதிலிருந்து, தன்னிடம் என்ன குறை என்று அவள் தேடாத நாள் இல்லை.

கணவர் கணினி நிபுணர். வீட்டில் அவருக்குப் பன்மொழியார் என்று பெயர். தம்பி கிண்டலுக்கு வைத்தது. அண்ணன் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். தம்மைப் பற்றிய குறிப்பில் ஐந்து மொழிகள் சரளம் என்று போட்டிருந்தார். பொய்யில்லை. ஐந்திலும் வணக்கம் சொல்வார், நன்றி சொல்வார். நடுவில் ஏதாவது பேச வேண்டியிருந்தால் மனைவியைக் கூப்பிடுவார்.

அவளுக்கும் அதே தொழில்தான். மூன்று வருடத்துக்கு முன் மாமியாருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கூடிப் பேசினார்கள். அந்த ஒருவர் யார் என்று பேச வேண்டியிருக்கவில்லை. அவள் வேலையை விட்டாள்.

போன மாதம் வெளிநாட்டுக் கம்பெனி பன்மொழியாருக்கு ஒரு பரீட்சை வைத்தது: வாடிக்கையாளர் கடிதங்களுக்கு நான்கு மொழிகளில் பதில் எழுதும் ஒரு புரோகிராம். "கொஞ்சம் பாத்துக் குடேன்" என்று அவளிடம் தள்ளினார். கொஞ்சம் என்பது பதினொரு நாள் ஆனது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஆறாவது நிமிடம் யாராவது கூப்பிடுவார்கள். எழுந்து போகும்போதெல்லாம், விட்ட இடத்தில் ஒரு வரி எழுதி வைப்பாள். அந்த மாதிரி வரிகளை இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போய்விடும்.

"நடு நடுவுல என் குறிப்பு இருக்கு. துடைச்சுட்டுத் தர்றேங்க..."

"எல்லாம் எனக்குத் தெரியும். குடு!" என்று வாங்கி, முதல் வரியில் தம் பெயரைப் போட்டு அனுப்பினார். இரண்டாவது வரியைப் படித்தாரா என்றால், அது மேதைகளின் வேலையல்லவே.

பத்து மணிக்குப் பன்மொழியார் கோட்டும் டையுமாகக் கணினி முன் அமர்ந்தார். கேமராவுக்கு எட்டாத பகுதியில் பழைய அரை நிஜார். கதவோரம் குடும்பமே மூச்சை அடக்கி நின்றது. திரையில் மூன்று பேர். ஐந்து மொழியிலும் வணக்கம் சொல்லி முடித்தார். அத்துடன் அவர் சரக்கு தீர்ந்தது.

மூவரில் ஒரு பெண்மணி சிரித்தாள். "நான் தமிழ்ப் பகுதியைப் பாக்கறவ. உங்க புரோகிராம் ரொம்ப அருமை சார். நடுவுல சில வரி இருக்கே... 'அத்தைக்கு முட்டியில் தைலம் தேய்க்கணும். இங்கிருந்து தொடரணும்.' இது நீங்க எழுதினதா?"

பன்மொழியார் கண் சிமிட்டாமல், "ஆமா மேடம். அத்தைன்னா எனக்கு உயிர்" என்றார்.

"இவனுக்கு ஏதுடா அத்தை?" என்று கதவோரம் மாமியார் கிசுகிசுத்தாள். அவர் தகப்பனாருக்கு உடன்பிறந்த பெண்ணே இல்லை. மனைவியின் அம்மாவான அத்தையோ போய்ச் சேர்ந்து ஏழு வருடம்.

"'அவர் சட்டைக்கு இஸ்திரி பாக்கி'ன்னு இருக்கே. அவர் யாரு சார்?"

"அது... நான்தான் மேடம். எனக்கு நானே மரியாதை குடுத்துக்குவேன்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான்.

"கடைசியா ஒண்ணு. 'என்னை ஏன் வேண்டாம்னாங்கன்னு தெரியலை. இருந்தாலும் அவருக்காக இதை ஒழுங்கா முடிக்கணும்.' இந்த முகவரியிலேர்ந்து எங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தானே வந்தது? நாங்க யாரை வேண்டாம்னோம்?"

கதவோரம் நின்ற மருமகள் ஓர் அடி முன்னால் வந்தாள். ஒரே ஒரு விண்ணப்பமா?

மாமியார் சுவரைப் பிடித்து நொண்டி நொண்டி வந்து கேமராவுக்கு நேரே குனிந்தாள். "அம்மா, அந்த முட்டி என்னுது! தைலம் தேச்சவளும் இவதான், எழுதினவளும் இவதான்! இவனுக்குத் தைல பாட்டில் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது!"

பெண்மணியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எழுதினவங்க கொஞ்சம் வர முடியுமா?"

அடுத்த இருபது நிமிடம் நான்கு மொழிகளிலும் கேள்வி வந்தது. நான்கிலும் பதில் போனது. பன்மொழியார் ஓரமாக நின்று ஐந்திலும் மௌனம் காத்தார். "இன்னைக்கே விண்ணப்பம் அனுப்புங்க. உங்க கையாலேயே அனுப்புங்க" என்று அந்தப் பெண்மணி சொன்னதும் திரை அணைந்தது.

"என் விண்ணப்பத்தை ஏன் அனுப்பலை?" என்று கேட்டாள் அவள். குரல் உயரவில்லை.

"உனக்குக் கிடைச்சு எனக்குக் கிடைக்காம போனா... நாலு பேர் என்ன சொல்வாங்க? நான் என்ன பண்ணுவேன், சொல்லு!"

"அனுப்பலைன்னு சொல்லியிருந்தா சண்டை போட்டுட்டு விட்டிருப்பேங்க. வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னீங்களே... ஆறு மாசம்! நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு என்னையே நம்ப வச்சீங்களே! தோளை வேற தட்டிக் குடுத்தீங்க..."

மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "காலைலகூட உன்னைத்தானேடி கடிச்சேன்... என்னை மன்னிச்சுடும்மா! போ. போய் எழுது. என்னை நான் பாத்துக்கறேன். இல்லைன்னா இவன் பாக்கட்டும், இன்னைக்கு வெட்டியாத்தானே இருக்கான்!"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். பன்மொழியார் டையைத் தளர்த்திக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"ஒரு தடவை நான் பாத்துக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றாள், திரும்பாமல். "கதவைச் சாத்திட்டுப் போங்க."