சிக்காகோவிலிருந்து வந்த பார் மேசை

பழைய சந்தைப் பகுதியான அல்பெர்கேரியாவில், நிலத்துக்குக் கீழே இருந்த அந்த பாருக்குள் பகல் பத்து மணிக்கும் லைட் போட்டால்தான் கால் வைக்கலாம். நிரோசினி படியிறங்கும்போது மேலே சந்தையில் மீன்காரன் தொண்டை கிழியக் கத்துவான். கதவைச் சாத்தினால் சத்தம் அறுந்துபோகும். பிறகு சுருட்டு நாற்றமும், ஆம்பிளைகள் தலைக்குப் பூசுகிற எண்ணெய் வாசமும்.

பாருக்குள் ஒருவரையும் புகைக்க விடுவதில்லை. நாற்றம் மட்டும் எங்கிருந்து?

முதலாளி சால்வோவுக்குப் பழைய அமெரிக்கா என்றால் பைத்தியம். சிக்காகோவில் ஐம்பதுகளில் கொடிகட்டிப் பறந்த ஒரு நைட்கிளப்பை இடித்தபோது, அதன் நீண்ட பார் மேசையையும் சிவப்புத் தோல் ஸ்ரூல்களையும் கப்பலில் ஏற்றி வந்து இங்கே இறக்கியிருந்தார்.

ஸ்ரூல்களை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, படிப்பக்கமாகப் பின்வாங்கித் தரை துடைப்பாள் நிரோசினி. காயும்வரை வெளியே படியில் இருப்பாள். திரும்பி வந்தால் கடைசி ஸ்ரூல் மட்டும் தரையில் நிமிர்ந்து நிற்கும். எதிரே ஒரு கிளாஸ்.

"விஸ்கி குறைகிறது," என்றார் சால்வோ. "பகலில் கீழே இறங்குவது நீயும் பீலிக்சும்தான். இனியும் குறைந்தால் கொன்ட்ராத்தோ கிடையாது."

வேலை ஒப்பந்தம் இல்லையென்றால் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோ இல்லை. பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் அவளும் மகளும் இந்த நாட்டில் இல்லை.

ஐஸ் பெட்டி தூக்குகிற மன்னார் பீலிக்சை அன்றே மறித்தாள்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. குடிக்கிறது நீங்கள்தானே?"

"எடி பிள்ளை, நான் குடிக்கிறதெண்டால் போத்திலையே முடிச்சிருப்பன். உந்த விரலளவை ஆர் குடிப்பான்? முதல் நீ வாயை ஊதிக்காட்டு."

இருவருக்கும் நம்பிக்கையில்லை. அடுத்த நாள் தரை துடைத்ததும், கதவைப் பூட்டிவிட்டுப் படியில் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள்.

உள்ளே ஸ்ரூல் கால் தரையில் உரசியது.

திறந்தார்கள். ஈரத்தரையில் ஒரு காலடிகூட இல்லை. கடைசி ஸ்ரூல் நிமிர்ந்து நின்றது. கிளாசில் விஸ்கி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

பீலிக்ஸ் சிலுவை போட்டார். "இது உந்தச் சாமானோடை வந்தது. விட்டிட்டு வா."

"விட்டிட்டு வந்தால் கொன்ட்ராத்தோ ஆர் தாறது?"

அவளுடைய மாமனார் செத்த எட்டாம் நாள் வீட்டில் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைத்தார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, மூன்று தரம் தட்டிய பிறகுதான் திறந்தார்கள். சாப்பிடுகிறவர் எழும்பிப் போக அவகாசம் கொடுக்க வேண்டும். அது நினைவுக்கு வர, மறுநாள் கடைசி ஸ்ரூலுக்கு எதிரே சோறு, மீன்குழம்பு, விஸ்கி, ஒரு சுருட்டு வைத்தாள்.

"உது சொந்தச் சனத்துக்கெல்லோ வைக்கிறது," என்று கிசுகிசுத்தார் பீலிக்ஸ். "உவன் உனக்கு என்ன முறை?"

"வயிறு நிறைஞ்சால் போத்திலைத் தொடமாட்டான். சும்மா இருங்கோ."

கதவைச் சாத்திய சிறிது நேரத்தில் மேற்படியில் சால்வோவின் சப்பாத்துச் சத்தம். இதைக் கண்டால் தொலைந்தது. தட்டை எடுக்கிற அவசரத்தில் கதவைத் தள்ளித் திறந்தாள்.

தட்டவில்லை.

காதோரம் குளிராக ஒன்று உரசியது. எண்ணெய் வாசம்.

அதன்பிறகு விஸ்கி குறையவில்லை. கவிழ்த்த ஸ்ரூல்கள் கவிழ்த்தபடியே கிடந்தன. நாற்றமும் போய்விட்டது. சால்வோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எங்கை போனவன்?" என்று பீலிக்ஸ் கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"எங்கையெண்டாலும் போகட்டும்."

அன்று பின்னேரம் வீட்டிலும் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்து, தரையைத் துடைத்து, கதவைச் சாத்தினாள். காயும்வரை மகள் லக்ஷனாவுடன் படிக்கட்டில் இருந்தாள்.

பிள்ளை மூக்கைப் பொத்தியது. "கே புட்ஸா! என்ன நாத்தம்! அம்மா, ஆர் சுருட்டுப் பத்தினது?"

உள்ளே கதிரைக் கால் தரையில் உரசியது.

நிரோசினி மகளின் கையை இறுகப் பிடித்தாள். திறப்பைப் பூட்டில் வைத்தாள். திருப்பவில்லை.

உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். ஆறுதலாக, மூன்று தரம். வெளியே இருப்பவர்கள் எழும்பிப் போக அவகாசம் கொடுப்பதுபோல.