கோப்பி எழுந்திருக்கவில்லை

காலை 7.10. மலேசியாவில் மேரு என்ற ஊரை அடுத்த வனவிலங்குக் காப்பகத்தில் கோப்பி எழுந்திருக்கவில்லை. கோலாலம்பூர் பங்சாரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கூண்டில் ஆறு வருடம் கிடந்து மீட்கப்பட்ட சூரியக் கரடி. வெள்ளிக்கிழமை முதன்முறையாக அதை மண்தரையில் விட இருந்தார்கள். இப்போது வாயில் நுரை. மூச்சில் சாராய வாடை.

8.45க்கு வனவிலங்குத் துறை விசாரணை அதிகாரி இக்னேஷியஸ் வந்தார். சரியாகத் தூங்கி நாளாகிவிட்ட முகம். பிழைத்துவிடும் என்றார் டாக்டர். ஆனால் காப்பகத்தில் குடி என்று அறிக்கை போனால் காப்பகத்தை மூடிவிடுவார்கள், கோப்பி மறுபடி ஏதோ ஒரு கூண்டுக்குத்தான் போகும்.

நிர்வாகி உஷாராணி ஆளை முடிவே செய்துவிட்டார். பராமரிப்பாளர் வேலாயுதத்தின் அலமாரியில் சம்சு என்னும் மலிவுச் சாராயத்தின் சின்ன பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. அவரோ நேற்று லீவு, அம்மாவோடு கிள்ளான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் என்றார்.

"குடிப்பீங்களா?"

"குடிப்பேன் சார். வேலை முடிஞ்சு. கோப்பி முன்னால இல்ல."

இக்னேஷியஸ் உணவறைக்குப் போனார். நேற்றைய குடற்பூச்சி மருந்துப் பொட்டலம் பிரிந்திருந்தது. மலாய் லேபிள் ஒட்டிய தேன் பாட்டில் சீல் உடையாமல் நின்றது. தேனில்லாமல் கோப்பி மருந்தைத் தொடாது என்றது பதிவேடு. சுவர்ப் பலகையில் வேலாயுதத்தின் தமிழ்: 'மருந்தை அரைக் கப் மதுவில் கலந்து கொடு.' உஷாராணி அதைக் காலையிலிருந்து மூன்று தடவை படித்திருந்தார். இக்னேஷியஸும் படித்துவிட்டு நகர்ந்தார். வாசலில் நின்றார். திரும்பி வந்தார்.

நேற்று வேலாயுதத்துக்குப் பதில் நின்றவர் பாலன். புதுக்கோட்டையிலிருந்து வந்து இரண்டு மாதம். கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த அவரிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இதப் படிங்க தம்பி. மதுன்னா என்ன?"

"சாராயந்தான் சார். அண்ணன் அலமாரியில இருந்துச்சு. எங்க ஊர்ல குதிரைக்குக்கூட அப்படித்தான் குடுப்பாங்க."

உஷாராணி கண்களை மூடிக்கொண்டார்.

கொடுத்தது பாலன், எழுதியது வேலாயுதம் என்றார் இக்னேஷியஸ். மலாயில் தேனுக்குள்ள சொல் 'madu'; கிட்டத்தட்ட 'மாடு' என்று ஒலிக்கும், தமிழில் 'மது' என்றும் எழுதலாம். இங்கே பிறந்தவர்கள் அந்தப் பலகையில் தேனைத்தான் படித்தார்கள், அவர் உட்பட. பாலன் ஒருவர்தான் தமிழைப் படித்தார். வேலாயுதம் கலக்கியிருந்தால் தேன் பாட்டில் திறந்திருக்கும்.

"தேன்னு எழுதினா என்ன லா?" என்றார் உஷாராணி.

"பாட்டில் லேபிள்ல உள்ளத எழுதுனேன். மாடுன்னு போட்டா மாட்டுக்கறியக் கலந்துருவான்னுதான் மதுன்னு போட்டேன்."

11.20. அறிக்கையில் 'பொறுப்பானவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பாலன் பெயரைப் போட்டால் அவருடைய வேலை பெர்மிட் ரத்து.

"என் பேரப் போடுங்க சார். எழுதுனதும் நான், பாட்டில வச்சதும் நான்."

"வேலை போயிரும்ணே" என்றார் பாலன்.

வேலாயுதம் இக்னேஷியஸைப் பார்த்தார். "கோப்பி இங்கயே இருக்குமா?"

தவறு ஓர் ஆளோடது என்றால் காப்பகத்தின் மேல் கை வைக்க மாட்டார்கள் என்றார் இக்னேஷியஸ்.

"அப்பப் போடுங்க."

இக்னேஷியஸ் அவர் பெயரை எழுதினார். வேலாயுதம் பாலனைக் கூண்டருகே கூட்டிப் போனார். கோப்பிக்கு எப்போது, என்ன, எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வாயாலேயே சொல்ல ஆரம்பித்தார்.