படமாக மட்டும் இருந்த கதவு

கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருந்தன.

அரம் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கணினித் திரையை உற்றுப் பார்த்தான். ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னக் கோடுகள். பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்தி உயரம் குறித்து வைப்போமே, அந்த மாதிரி. பழைய ஆட்டத்தில் இவை கிடையாது. அது அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? அந்தக் கதவை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தவனே அவன்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைக் கொடுத்தாலும் ராவித் தள்ளிவிடுவான் என்பதால் தொழிலில் அவனுக்கு அரம் என்று பெயர். ஒரு காலத்தில் கணினித் துப்பாக்கி ஆட்டங்களுக்குத் தெருவும் வீடும் கட்டிக் கொடுத்தவன், இப்போது அடுத்தவர்கள் கட்டியதை இடித்து விமர்சனம் எழுதிப் பிழைக்கிறான். இன்றைக்குச் சிக்கியது அவனுடைய பழைய ஆட்டமே. யாரோ ஒரு புதுக் கம்பெனி அதை வாங்கி, பழைய படங்களையெல்லாம் துலக்கி, மறுபடியும் சந்தைக்கு அனுப்பியிருந்தது. ‘உலுக்கியெடுக்கும் கதை’ என்று விளம்பரம் வேறு. என்ன பெரிய கதை? எரிந்துபோன ஊருக்குள் ஒரு சிப்பாய் சுட்டுக்கொண்டே போவான், நடுநடுவே அழுவான். அழுவதற்குத் தனியாக ஒரு பொத்தான் வைக்காததுதான் பாக்கி. விமர்சனத்தின் முதல் வரி அவனுக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது: பிணத்துக்கு இஸ்திரிச் சட்டை போட்டிருக்கிறார்கள்.

வெளியே சாயங்கால மழை பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி வேலையிலிருந்து திரும்ப நேரமாகும். அதுவரை மகள் அவன் பொறுப்பு. அவள் தாழ்வாரத்துக் கடைசி அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். சற்று முன்னால்தான் ஒருமுறை வந்து வாசலில் நின்றாள்.

“அப்பா, என் முதுகுக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்குப்பா.”

“நாலாங்கிளாஸ் படிக்கிறவ பேசற பேச்சா இது? கணக்குப் போடச் சொன்னா கதை விடறியா? போ, போய் முடி.”

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். பயந்தாங்கொள்ளி, அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவன் ஆட்டத்துக்குத் திரும்பினான். அப்போதுதான் அந்தக் கோடுகள் கண்ணில் பட்டன.

அந்த நாளில் ஆட்டம் செய்கிறவர்களில் யாருக்கு நேரம் இருந்தது? சுவர் வேண்டுமென்றால் சொந்த வீட்டுச் சுவரைப் படம் பிடித்து ஒட்டுவார்கள், தரை வேண்டுமென்றால் ஆபீஸ் தரையை. அரமும் இந்த வீட்டுத் தாழ்வாரத்தைப் படம் பிடித்தான். கடைசியில் இருந்த தட்டுமுட்டு அறையின் கதவையும் பிடித்து, ஆட்டத்தில் ஒரு சுவரின் மேல் ஒட்டினான். அது வெறும் படம். பின்னால் அறையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. மகள் அப்போது பிறக்கவே இல்லை. அந்த அறையை ஒழித்து அவளுக்குக் கொடுத்ததும், நிலையில் அவள் உயரத்தைக் குறிக்க ஆரம்பித்ததும் எத்தனையோ காலம் கழித்து நடந்தவை.

மங்கலான படத்தைப் பெரிதாக்கும் மென்பொருள், தெரியாத இடத்தையெல்லாம் தானே ஊகித்து நிரப்பும். ஏதோ அழுக்கைக் கோடாக நினைத்து இழுத்துவைத்திருக்கிறது கழுதை. அரம் அலட்சியமாகச் சிரித்துக்கொண்டு இன்னும் நெருங்கிப் பார்த்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு கோணலாக இருந்தது.

போன வாரம் அம்மாக்காரி பென்சிலோடு நின்றபோது, மகள் சிரித்துக்கொண்டே குதிகாலைத் தூக்கினாள். பென்சில் வழுக்கியது. கோடு இப்படித்தான் விழுந்தது.

மழைக்கு ஊறிய சுவரின் வாசனையும், சூடான கணினியின் உள்ளேயிருந்து வந்த பொசுங்கிய தூசியின் வாசனையும் அறையில் கலந்து நின்றன. காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள், ஆட்டத்தின் காற்றுச் சத்தத்துக்கும் எங்கோ இடிந்து விழும் கல்லின் சத்தத்துக்கும் அடியில், மெல்லிசாக ஒரு குழந்தையின் முனகல் பாட்டு கேட்டது. கணக்குப் போடும்போது மகள் முனகும் அதே பாட்டு. ஹெட்போனைக் கழற்றினான், தாழ்வாரத்திலிருந்து கேட்டது. மாட்டினான், படக்கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டது. மைக் திறந்து கிடக்கிறது, வேறென்ன? மைக்கை அணைத்தான்.

படக்கதவுக்குப் பின்னால் பாட்டு நிற்கவில்லை.

எரிச்சலோடு சிப்பாயைக் கதவருகே நடத்தி, திறக்கும் பொத்தானைத் தட்டினான். கைப்பிடி அசைந்தது. கதவு ஒரு விரல் அளவுக்கு விலகி, இருட்டைக் காட்டி நின்றது. அவனுக்குக் கழுத்துப் பின்புறம் சில்லிட்டது. சில்லிட்டதற்காகவே கோபம் வந்தது. போனை எடுத்து, ஆட்டத்தைப் புதுப்பித்த தயாரிப்பாளரைக் கூப்பிட்டான்.

“ஏம்ப்பா, அந்தப் படக்கதவைத் திறக்க வெச்ச அறிவாளி யாரு?”

“எந்தக் கதவு சார்?”

“தாழ்வாரக் கடைசில இருக்கே, அது.”

“அது வெறும் படம்தானே சார்? நாங்க கழுவி வெச்சதோட சரி. அதுக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்லையே.”

“என்ன விக்கிறோம்னே தெரியாம விக்கிறீங்க. நல்லா இருங்க!”

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் திரும்பினான். கதவு முழுதாகத் திறந்திருந்தது.

திரையின் மேலும் கீழும் இரண்டு கறுப்புப் பட்டைகள் இறங்கின. இந்த ஆட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கதைக் காட்சி ஆரம்பம். இனி ஆடுகிறவன் எதைத் தட்டினாலும் பலிக்காது; சிப்பாய் தானே நடப்பான், தானே குறிபார்ப்பான், தானே சுடுவான். அரம் எல்லாப் பொத்தான்களையும் தட்டிப் பார்த்தான். சிப்பாய் உள்ளே போனான். சிப்பாயின் கண்ணில் படுவதுதான் திரையில் தெரியும்; அதன் வலது ஓரத்தில், கீழே, துப்பாக்கிக் குழாய் அவன் மூச்சுக்கு ஏற்ப ஏறி இறங்கியது.

மேஜை. மேஜை விளக்கு. ஆணியில் மாட்டிய பள்ளிக்கூடப் பை. தரையில் பென்சில் சீவிய சுருள்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சிறுமி. ஒரு பின்னல் அவிழ்ந்திருந்தது.

குழாய் மெதுவாக உயர்ந்தது. சிறுமி தலையைத் திருப்ப ஆரம்பித்தாள்.

அரம் மேஜைக்கு அடியில் பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினான். திரை செத்தது.

மழைச் சத்தம் மட்டும். தாழ்வாரத்தில் மகளின் முனகல். இதற்கா இந்தப் பயம்? தூ, வெட்கக்கேடு. பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டியவன் தன்னையும் ஒருமுறை திட்டிக்கொண்டான். போய் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம். எழுந்தான்.

தாழ்வாரத்தில் இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கலாம் என்று நினைத்தான்.

கால் நிற்கவில்லை.

ஒரே சீராக நடந்தது. அவசரம் இல்லை. தயக்கமும் இல்லை. பக்கத்தில் திரும்பிப் பார்க்க முயன்றான். தலை திரும்பவில்லை. மகளே, கதவைச் சாத்திக்கோ என்று கத்தப் பார்த்தான். வாய் திறக்கவில்லை. கண்ணுக்கு மேலே இருட்டு ஒரு பட்டையாக இறங்கியது. கீழேயும் ஒன்று ஏறியது.

பென்சில் கோடுகள் கடந்து போயின. கதவு திறந்தது.

மேஜை. விளக்கு. பை. முதுகு.

அவிழ்ந்த பின்னல்.

அவள் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“ஐயே, கையை எதுக்குப்பா அப்படி நீட்டிட்டு நிக்கறீங்க? விளையாட வந்தீங்களா?”

அவள் கண்ணுக்கு வெறும் கை. அவன் பார்வையின் வலது ஓரத்தில், கீழே, ஈரமாக மினுங்கும் குழாய். அவன் மூச்சோடு ஏறியது. இறங்கியது. நின்றது.

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல், நேராக அவனை நோக்கி நடந்து வந்தாள்.

அவன் விரல் மடங்கத் தொடங்கியது.