ஐந்தாவது அறை

உலகத்தில் செத்துப்போன எதுவாக இருந்தாலும், அது இன்னதென்று சொல்ல இளவரசுக்கு மூன்று நிமிடம் போதும். இதை அவன் பெருமைக்காகச் சொல்வதில்லை. தன் ரத்தப் பிரிவைச் சொல்வதுபோலச் சொல்வான். சிதம்பரத்தில் அவன் ஆராய்ச்சி செய்யும் நிலவியல் துறையில் கான்டீன்காரர் வரைக்கும் இது தெரியும்.

அப்படிப்பட்டவன், அந்தச் சனிக்கிழமை பிற்பகல் நாலரை மணிக்கு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, ஐந்தில் வந்து நின்றான்.

காலையில் நான்குதான் இருந்தது.

அவன் எண்ணியது ஒரு ஃபோராமினிஃபெராவின் அறைகளை. கடலில் மிதந்து திரிந்து, செத்து, அடியில் படிந்த ஒற்றைச் செல் உயிரின் சுண்ணாம்பு ஓடு அது. உப்புக்கல்லில் கால் பங்குகூட இருக்காது. குமிழ் குமிழாக அறைக்கு மேல் அறை வைத்துச் சுருட்டிக் கட்டிக்கொண்டே போகும். கடைசிச் சுற்றில் எத்தனை அறை என்பதை முக்கியமாக வைத்துத்தான் இனம் பிரிப்பார்கள். பக்கத்துக் கடலோர ஊரான கிள்ளையில் முந்நூற்று எண்பது மீட்டர் ஆழத்தில் துளையிட்டு எடுத்த களிமண்ணைச் சலித்தபோது கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாதது. ஒன்றே ஒன்று.

ஐந்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்த அவன் பிஎச்.டி. இப்போது அந்த ஓட்டின் மேல்தான் நின்றது. 'நான்கு அறை, புதிய இனம்' என்று வழிகாட்டி கோவிந்தசாமிக்குக் காலையிலேயே மெயில் போயாகிவிட்டது. திங்கட்கிழமை அவர் நேரில் பார்ப்பார். கண்டெடுத்த இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது இந்தத் துறையில் மானக்கேடு என்பதால், சீனியர் பிரிசில்லா தானாகவே முன்வந்து அவன் பெயரை வைப்பதாக ஏற்பாடு. பிரிசில்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அவளை அவன் ஓட்டாத நாள் கிடையாது. ஓட்டைத் தொட்டு எடுக்கும் மயிரிழைப் பிரஷ்ஷை அவள் தண்ணீரில்தான் நனைப்பாள். இவன் நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொள்வான். சாயங்காலம் கிளம்பும்போது ஸ்லைடின் கண்ணாடியை மூடி, செல்லோடேப்பை மூன்று சுற்று சுற்றி, அதன்மேல் தேதியும் உள்ளே எத்தனை என்பதும் எழுதி வைப்பாள்.

"ஏங்க்கா, ரெண்டு கோடி வருசமா செத்துக் கெடக்குது. எங்க ஓடிடப் போவுது?"

"மூணு வச்சிட்டுப் போனேன்டா. காலையில வந்தா ஒன்னு மூடிக்கு வெளிய இருந்துச்சு," என்றாள் அவள், டேப்பைக் கத்தரித்தபடி. "அதே கிள்ளை மண்ணுதான்."

அதை அவன் கான்டீனில் இரண்டு முறை நடித்துக் காட்டினான்.

இப்போது லேபில் யாரும் இல்லை. வெளியே மழை பிடித்திருந்தது. காற்றில் வேப்பங்கிளை ஜன்னல் கண்ணாடியை உரசுவதும், மண் கழுவும் தொட்டியில் குழாய் சொட்டுவதும், உலர்த்தும் ஓவன் உறுமி உறுமி அடங்குவதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, எல்லாவற்றுக்கும் அடியில், கழிமுகச் சேற்றைக் காலால் கிளறினால் எழுமே, அந்த வாடை மெல்ல மெல்ல மேசையைச் சூழ்ந்தது. ஓடுகளில் இப்படி வாடை வராது. அவன் விளக்கைக் கூட்டினான். பழைய நான்கு அறைகளும் தேநீர்க்கறை நிறத்தில் இருந்தன. ஐந்தாவது மட்டும் முட்டை ஓடுபோல வெள்ளையாக, ஈரமாக.

எண்ணிக்கையில்தான் பிசகு என்று முடிவு செய்து, பிரஷ்ஷை நாக்கில் வைத்துக் கூராக்கி, ஓட்டைப் புரட்டினான். பின்பக்கம் தெளிவாக இல்லை. மறுபடி நாக்கில் வைத்தான். மறுபடி புரட்டப்போனான்.

டிக்.

பல்லுக்கிடையில் சர்க்கரை உடைவதுபோல ஒரு சத்தம். எங்கிருந்து என்று நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால், ஸ்லைடில் ஓடு இருந்த கட்டம் காலியாக இருந்தது. கோந்தில் ஒரு வட்டத் தடம் மட்டும்.

பிரஷ்ஷில் இல்லை. மேசையில் இல்லை. தரையில் செல்போன் வெளிச்சத்தோடு முழங்காலில் ஊர்ந்தான். ஐந்து வருடம் அந்தச் சிமெண்ட் விரிசல்களில் எங்கோ கிடந்தது. கடைசியில், மேல்பட்டாம்பாக்கத்தில் வீட்டிலிருந்த பிரிசில்லாவுக்குப் போன் போட்டான்.

கேட்டுக்கொண்டே இருந்தவள், "பிரஷ்ஷ வாயில வச்சியா?" என்றாள்.

"இல்லக்கா."

அவள், "தண்ணி குடிக்காத," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கடலூர் பஸ்ஸில், குடிகாடு தாண்டும்போதுதான் நாக்கில் தட்டுப்பட்டது. கீழுதட்டின் உள்பக்கம், ஈறோடு ஒட்டி, மணல்போல ஒன்று. அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தொலையவில்லை. பிஎச்.டி. வாய்க்குள் பத்திரமாக இருக்கிறது. வீடு சேரும்வரை எச்சில்கூட விழுங்கவில்லை.

குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, கண்ணாடி முன் உதட்டைப் புரட்டினான்.

மணலாக இல்லை. மிளகளவு இருந்தது. பழுப்பாக நான்கு. வெள்ளையாக ஐந்தாவது. அதைச் சுற்றி ஆறாவது.

நகத்தால் நெம்பினான். வரவில்லை. வலித்தது. ஓட்டில் வலித்தது.

டிக்.

ஏழு.

சேற்று வாடை. இப்போது அவன் மூச்சில்.

"இளவரசு, தோசை ஆறுதுடா," என்று அம்மா லோகநாயகி சமையற்கட்டிலிருந்து கூப்பிட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு அசையவில்லை. வாய்க்குள் கடல் இரைந்தது, வெகு தூரத்தில். வாயை மூடிக்கொண்டான்.

பையைத் துழாவினான். செல்லோடேப். மார்க்கர்.

வாயைச் சுற்றி, பின்கழுத்து வழியாக, ஒரு சுற்று. இரண்டு. மூன்று. கத்தரித்தான். கண்ணாடியைப் பார்த்து, டேப்பின்மேல் தேதி போட்டான். அதன் கீழே, ஏழு.

டிக்.

ஏழை அடித்துவிட்டு, எட்டு என்று எழுதினான்.

மார்க்கரை மூடவில்லை. கண்ணாடியில் டேப்புக்கு அடியில் கன்னம் உருண்டையாக, வெள்ளையாக, மெதுவாக உப்பிக்கொண்டிருந்தது.