கழித்துவிட்ட அலை

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் கழித்துவிட்டுப் போன அலை, திரும்பி வந்து பார்த்தபோது திரையில் மறுபடியும் இருந்தது.

தென்துருவத்தில் கடல்மேல் நீண்டு மிதக்கும் பனித்தட்டு ஒன்றில், விளிம்பிலிருந்து உள்நோக்கி வரிசையாகப் பன்னிரண்டு கருவிகளைப் பதித்திருந்தார்கள். அவை தம் இருப்பிடத்தோடு சேர்த்து அனுப்பும் அதிர்வுகளில் கடலலையின் ஆட்டத்தை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை மேலே அனுப்புவது அவள் வேலை. ஆறு மாதமாக அதே ஏசி முனகல், தரை துடைத்த மருந்தின் நெடி, கழுத்து வலி. "அலை நமக்கு வேண்டாம்மா, விரிசல் சத்தம் போதும்" என்று மேலதிகாரி சொன்னபோது ஏன் என்று கேட்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

இன்று அலை அடங்க மறுத்தது. இருபது நொடிக்கு ஒன்று. அலுப்போடு பழைய பதிவுகளைக் கழிக்காமல் திறந்து பார்த்தாள். விளிம்பில் அலையைத் தாங்கிக்கொண்டிருந்த கடற்பனி கலைந்துபோன நாளிலிருந்து, தட்டு மொத்தமும் வளைந்து வளைந்து நிமிர்ந்திருக்கிறது. அத்தனையையும் அவளே கழித்திருக்கிறாள்.

பன்னிரண்டாவது கருவிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, முகாம். அங்கே ஜெனரேட்டர் மெக்கானிக் அவள் தம்பி. கெஞ்சிக் கூத்தாடி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான்.

சாட்டிலைட் போனை உடனே எடுத்தான்.

"என்னக்கா, தூங்க விடமாட்டியா?"

"அங்க ஏதாவது ஆடுதாடா?"

"டம்ளர்ல ஸ்பூன் கிணுகிணுக்குது. ரெண்டு நாளா. ஜெனரேட்டர்தான்னு நெனச்சேன், அத நிறுத்தியும் நிக்கல."

திரையில் அலை முதல் கருவியைத் தொட்டது. நான்கு. எட்டு. பதினொன்று. பன்னிரண்டு. போனில் ஸ்பூன் கிணுகிணுத்தது.

"எல்லாரையும் எழுப்பு. கிளம்புங்க. இப்பவே!"

அடுத்தது. மூன்று. ஏழு. பதினொன்று.

பன்னிரண்டுக்கு வரவில்லை.

"அட, நின்னுடுச்சு!" தம்பி சிரித்தான். "வீணா பயமுறுத்துற நீ. இரு, வெளிய பாத்துட்டு வரேன்."

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருந்த தூரம் கூடிக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடப் பத்து மீட்டர் அதிகம். பதினாறு.

"கதவத் திறக்காதடா!"

தாழ்ப்பாள் சத்தம்.

"அக்கா..." என்றான். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கவேண்டிய கடல் போனுக்குள் இரைந்தது.

திரையில் அடுத்த அலை, பன்னிரண்டில் தொடங்கியது.